கல்லின் பின்பக்கம்

ஸ்பெயினின் அந்தச் சிற்றூர்ச் சதுக்கத்துக்கு ஒரே பெயர்க்கல்தான். மக்கள் சபை வென்றால் ‘அரசியல் சாசனச் சதுக்கம்’. மன்னர் சபையைக் கலைத்தால் ‘மன்னர் சதுக்கம்’. கல்தச்சன் எலாதியோ இரண்டு பக்கமும் செதுக்கி வைத்திருந்தான். ஆட்சி மாறும்போதெல்லாம் கல்லைத் திருப்பி மாட்டிவிட்டு, வாயைத் திறக்காமல் வீட்டுக்குப் போய்விடுவான். போன தடவை மன்னர் ஆட்சி திரும்பியபோது, சாசனம் வாழ்க என்று கத்திய அவன் தம்பியைத் தூக்கில் போட்டார்கள்.

இன்று மறுபடியும் சாசனம். ஏணியில் நின்றவனைப் புது மேயர் கூப்பிட்டார்.

“இனிமேல் இது மாறவே மாறாது, எலாதியோ! அடியில் உன் பெயரையும் வெட்டு.”

“எதுக்குங்க ஐயா, நான் வெறும் கல்தச்சன்...”

“கூச்சப்படாதேப்பா!”

மொத்த ஊரும் கைதட்டியது. எலாதியோ கல்லில் உளியை வைத்தான். ஓங்கிய சுத்தியல் அப்படியே நின்றது. கீழே கைதட்டல் ஓயவே இல்லை.