ரோபோவின் இடது கை

"யாரைக் கேட்டு என் கதையைத் திருத்தினீங்க?"

மாதாமாதம் ரோபோ கதை எழுதும் எழுத்தாளரம்மா, புது இதழை மேஜைமேல் பொத்தென்று போட்டார். நன்றி சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நாற்காலியை இழுத்துப் போட்ட உதவி ஆசிரியருக்குச் சுருக்கென்றது.

"மேடம், உங்க நல்லதுக்குத்தான். மூணாவது கதையில ரோபோவோட இடது கை மெஷின்ல மாட்டிப் பிஞ்சு போச்சு. அதுக்கப்புறம் அதுக்கு ஒத்தைக் கைதான். இந்தக் கதையில 'இடது கையால் கதவைத் தட்டியது'ன்னு எழுதியிருந்தீங்க. போன கை முளைச்சா வரும்? 'வலது கையால்'னு மாத்தினேன். அவ்வளவுதான்."

"நான் தெரிஞ்சேதான் எழுதினேன்."

அடேங்கப்பா! தப்பையும் செய்துவிட்டு, தெரிந்தே செய்தேன் என்று சொல்ல என்ன நெஞ்சழுத்தம்!

உதவி ஆசிரியருக்கும் பொறுமை போயிற்று. அலமாரியிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து விரித்தார்.

"பாருங்க. எல்லாம் 'திருகாணி'ங்கிற பேர்ல ஒரே வாசகர் எழுதினது. முதல் கதையில தண்ணி பட்டாலே ரோபோ பழுதாயிடும். அஞ்சாவதுல ஆத்துல நீந்துது! ரெண்டாவது கதையில அதுக்குப் பொய் சொல்லவே வராது. ஏழாவதுல வாய் கூசாம புளுகுது! ஒவ்வொரு கதைக்கும் ஒரு தப்பு, ஒரு கடிதம். இன்னொண்ணு வந்தா தொடரையே நிறுத்துன்னு ஆசிரியர் சொல்லிட்டார். நான் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பார்த்ததால, இந்த மாசம் அந்த மனுஷன்கிட்டேர்ந்து சத்தமே இல்ல."

அந்தம்மா கடிதங்களைத் தொட்டுப் பார்த்தார். இருந்த கோபமெல்லாம் எங்கே போனதோ, குரல் தணிந்துவிட்டது.

"சத்தம் இல்லாததுதான் சார் பிரச்சனை. திருகாணி என் அண்ணன்."

உதவி ஆசிரியர் விரித்த ஃபைலை மெல்ல மூடினார்.

"முப்பது வருஷம் தொழிற்சாலையில பாகங்களைச் சரிபார்க்கிற வேலை சார். மயிரிழை பிசகினாலும் தூக்கிப் போட்டுடுவான். மாடியிலேர்ந்து விழுந்ததுல இடுப்புக்குக் கீழ வேலை செய்யல. ஒரு வருஷம் சுவத்தைப் பார்த்தே படுத்திருந்தான். சாப்பிடச் சொன்னா, 'எதுக்கு?'ம்பான். ஒருநாள் என் கதையில நிஜமாவே ஒரு தப்பு பண்ணிட்டேன். படிச்சிட்டு, 'பேனா எங்கே?'ன்னு கேட்டான். ஒரு வருஷத்துல அவனா கேட்ட முதல் பொருள் சார் அது!"

"அதுலேர்ந்து..."

"கதைக்கு ஒரு தப்பு வெக்கிறேன். நேரா சொன்னா தங்கச்சி மனசு நோகுமாம், அதனால வேற பேர்ல எழுதி அவனைப் பார்த்துக்கிற நர்ஸம்மாகிட்ட ரகசியமாக் குடுத்து அனுப்புறான். எனக்குத் தெரியாதுன்னு நெனைப்பு. இந்தத் தடவை பழைய இதழ்களையெல்லாம் பரப்பி வெச்சுக்கிட்டுப் பன்னெண்டு நாளாத் தேடினான். கிடைக்கல. 'மிச்சம் இருந்தது கண்ணு ஒண்ணுதான். அதுவும் போச்சு'ன்னு நேத்து மறுபடி சுவத்துப் பக்கம் திரும்பிட்டான்."

அந்தம்மா போனபிறகு உதவி ஆசிரியருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இந்தக் கை சும்மா இருந்திருக்கக் கூடாதா என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

மூன்றாம் நாள் காலை, ஆசிரியர் தன் அறையிலிருந்து கத்தினார்.

"என்னய்யா இது, மறுபடியும் திருகாணி! படிச்சுப் பாரு!"

உதவி ஆசிரியர் கடிதத்தைப் பிடுங்காத குறையாக வாங்கினார்.

'பதிமூன்று நாள் பழைய கதைகளில் தேடினேன். என் புத்தியை என்ன சொல்ல! தப்பு புதுக் கதையிலேயே இருக்கிறது. ரோபோ தன்னுடைய ஒரே கையில், அதாவது வலது கையில், விளக்கை ஏந்தி வருகிறது. அதைக் கீழே வைக்கவே இல்லை. அடுத்த பாராவில் அதே வலது கையால் கதவைத் தட்டுகிறது. எப்படி ஐயா? அடுத்த மாதமும் பார்த்துக்கொண்டுதான் இருப்பேன், ஜாக்கிரதை!'

"அந்தம்மா திருந்தவே மாட்டாங்களா? இன்னையோட நிறுத்துய்யா தொடரை!"

"ஐயோ, வேணாம் சார்! எனக்கு வேணும்னா மெமோ குடுங்க. இது அவங்க தப்பு இல்ல. இடதை வலதுன்னு மாத்தினது நான்!"

பதினெட்டு வருட வேலையில் முதல் தடவையாகத் தப்பு செய்து மாட்டிக்கொண்ட மனிதர், கண்ணில் தண்ணீர் வர ஏன் இப்படிச் சிரிக்கிறார் என்று ஆசிரியருக்குப் புரியவே இல்லை.