தோள் மேல் ஒரு கை

விழுப்புரத்தில் பேனர் அடிக்கும் கடையின் கண்ணாடிக் கதவில் மதிய வெயில் கொதிக்கிறது. செத்துப்போன பெண்டாட்டி அஸ்வினிக்குக் கண்ணீர் அஞ்சலி அடிக்க வந்த அன்புச்செல்வன் ஸ்டூலில் குந்தியிருக்கிறான். செல்போன் படங்களைப் பெரிசாக்கினால் முகம் கலைந்துபோகிறது. அதனால் போன தை மாசம் நிச்சயதார்த்தப் படம் வைத்து இதே கடையில் அடித்த அவர்கள் கல்யாண பேனரைக் கம்ப்யூட்டரில் திறந்து, மாப்பிள்ளையை அழிக்கிறாள் டிசைனர் ஜெசிந்தா. மீசை, மாலை, பட்டுவேட்டி எல்லாம் போகிறது. அஸ்வினி மட்டும் சிரிக்கிறாள். அவள் காலடியில், மயிலம் பஸ்ஸில் அவளைப் பார்த்துப் பார்த்து அவன் எழுதிய கவிதை: ‘முன்னால் ஏறிப் போகிறவளே, பக்கத்தில் எனக்கும் ஓர் இடம் பிடித்து வை.’ மவுஸின் மேல் ஜெசிந்தாவின் விரல் நிற்கிறது. “இது வேணாம்ணா, எடுத்துடுறேன்.” “இருக்கட்டும்மா. அவளுக்குன்னு எழுதுனது.” பின்னால் மெஷின் யார் வீட்டுக் காதுகுத்து பேனரையோ கரகரவென்று இழுத்துத் தள்ளுகிறது. “தோள் மேல உங்க கை ஒட்டிக்கினு இருக்குதுண்ணா. அதை அழிச்சா அக்கா தோளும் போயிடும்.” அவன் திரையையே பார்க்கிறான். உடம்பில்லாத அந்தக் கை, புது மோதிரத்தோடு, அவளைப் போக விடாமல் பிடித்திருக்கிறது.