கொதித்த தண்ணீர்

அந்த ஆய்வக மேசைமேல் குடுவை ஒன்றா இரண்டா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நீலம் மட்டும் நினைவில் நிற்கிறது. அரை மணி நேரமாகியும் குடுவை நீரில் கரைத்த நீலச் சாயம் வெளுக்கவில்லை. நீருக்குள் மீயொலியைப் பாய்ச்சும் கருவியின் இரைச்சல் காதைக் குடைகிறது. ஆராய்ச்சி மாணவி குடுவையையே பார்த்து நிற்கிறாள். ஒலி பாய்ந்தால் நீருக்குள் கண்ணுக்குத் தெரியாத குமிழிகள் பிறந்து உடையும், அந்தச் சூட்டில் சாயம் சிதையும் என்பதுதான் அவளுடைய நாலு வருட உழைப்பு. அவளுடைய முனைவர் பட்டத்துக்கான செய்முறையைப் பார்க்க வந்த வெளியூர்த் தேர்வாளர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். “என்னம்மா, நீலத்துக்கு உன்ன விட்டுப் போக மனசில்லயா?” என்கிறார் அவளுடைய பேராசிரியர். தேர்வாளர் சிரிக்கிறார். “நேத்துகூட வெளுத்துச்சு சார். இன்னிக்கு சுத்தமா இருக்கட்டும்னு தண்ணியக் கொதிக்க வெச்சு ஆற வெச்சேன்...” சொல்லும்போதே அவளுக்குப் புரிந்துவிடுகிறது. கொதித்ததில் தண்ணீரிலிருந்த காற்றெல்லாம் போய்விட்டது. காற்றில்லாமல் குமிழி எங்கிருந்து வரும்? “நீ கொதிக்க வெச்சப்பவே பாத்தேன்,” என்கிறார் பேராசிரியர், மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி. “நீயா கண்டுபிடிக்கிறியான்னு பேசாம இருந்தேன்.” “சார், புதுத் தண்ணில ஒரே ஒரு தடவ...” “அவருக்கு ரயிலுக்கு நேரமாச்சும்மா.” கருவியைப் பேராசிரியரே நிறுத்துகிறார்.

அவளுக்குப் பட்டம் கிடைக்கவில்லை; ஒரு மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். அவளுடைய முடிவுகளைப் பேராசிரியர் தன் பெயரில் வெளியிட்டார். தேர்வாளர் அதைப் பாராட்டி எழுதினார்.