அட்லாண்டிக்கைத் தாண்டிய கிட்டுசாமி

“பிளேன்தான், முடிவு பண்ணியாச்சு. எப்படியும் இன்னிக்கு அட்லாண்டிக்கைத் தாண்டியாகணும்.”

கதவுக்கு வெளியே நின்றிருந்த கிட்டுசாமி காதைக் கதவோடு ஒட்டவைத்தார். உள்ளே போனில் பேசிக்கொண்டிருந்தவன் அவருடைய பனியன் கம்பெனி மெர்ச்சண்டைசர் முகிலன். அமெரிக்காக்காரன் ஆர்டரை முதல் நாளிலிருந்து கவனித்து வருபவன்.

திருப்பூர் முதலாளி எவரிடமும் பிளேன் பேச்சை மட்டும் எடுக்கக் கூடாது. சரக்கு கப்பலைத் தவறவிட்டால்தான் பிளேன், அந்த வாடகை முழுக்க முதலாளி தலையில். போன வருஷம் ஒரு தடவை அப்படிப் பறந்ததில் கிட்டுசாமியின் சம்சாரத்தின் நகை பேங்கில் போய் உட்கார்ந்தது, இன்னும் எழுந்து வரவில்லை. இன்னொரு தடவை என்றால் கம்பெனியே கைவிட்டுப் போகும்.

காலையில்தானே கண்டெய்னர் லாரியில் பெட்டிகளை ஏற்றினார்கள்? இன்று ராத்திரி தூத்துக்குடித் துறைமுகத்துக்குள் நுழைந்துவிட்டால் நாளைக் கப்பல் கிடைத்துவிடும். இந்தப் பாவி எதற்குப் பிளேன் பிடிக்கிறான்?

“ஒத்தை எஞ்சின் ஆவாது. நடுக்கடல்ல நின்னுபோச்சுன்னா யாரு தள்றது?” என்று முகிலன் சிரிக்க வேறு செய்தான்.

கிட்டுசாமி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். “ஏங் கண்ணு, எங்குடியக் கெடுத்துட்டியா?”

முகிலன் கையிலிருந்த போன் கீழே விழுந்தது. “ஐயோ மொதலாளி, இது கம்ப்யூட்டர் கேமுங்க. போன்ல பேசுன சாமளாபுரத்துச் சிநேகிதன் ஷாபாஸுக்கும் எனக்கும் பந்தயம். ஜெட்டு கூடாது, காத்தாடி வெச்ச பிளேன்லயே கடலைத் தாண்டணும். நம்ம சரக்கு கப்பல்லதானுங்க போவுது.”

போன உயிர் திரும்பி வந்தது. ஆபீஸ் நேரத்தில் கேமா என்று நாலு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். ஆனால் பிழைத்து எழுந்தவனுக்கு யாரையும் திட்ட மனசு வராது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மானிட்டரைப் பார்த்தார்.

“இதுல எதை எடுக்கப் போறே?”

“கிங் ஏருங்க. நல்ல வேகம், மேகத்துக்கு மேலயே போயிரலாம். அயர்லாந்துல ஏறி, ஐஸ்லாந்துல எண்ணெய் ஊத்திக்கிட்டா, மத்தியானச் சோத்துக்குள்ள கனடாவுல எறங்கிக்கலாமுங்க.”

“எத்தனை பெட்டி ஏறும்?”

“பெட்டிங்களா? அது ஆளுக போறதுங்க.”

“பெட்டி ஏறாத வண்டி என்ன வண்டி? அக்கட்டால நிக்குதே, அது?”

“டகோட்டாங்க. சண்டைக் காலத்து வண்டி, லோடு தாங்கும். ஆனா எதிர்காத்து அடிச்சா எருமையாட்ட நடக்குமுங்க.”

“ரெண்டு எஞ்சின் இருக்குது, லோடும் ஏறுது. அப்புறம் என்ன அவசரம்? ஆத்தரக்காரனுக்குப் புத்தி மட்டு. அதையே எடு.”

டகோட்டா ஓடுபாதைக்கு வந்து நின்ற நேரம் பார்த்து, பேக்கிங் சூப்பர்வைசர் தெய்வாத்தாள் தட்டில் தேங்காயும் கற்பூரமுமாக வாசலில் வந்து நின்றாள். “எல்லாம் ரெடிங்க மொதலாளி.”

“நல்ல நேரத்துக்குத்தான் வந்தே.” கிட்டுசாமி கம்பெனியில் தேங்காய் உடைக்காமல் ஒரு தையல் மிஷின்கூட ஓடாது. கற்பூரத்தை ஏற்றினார். தேங்காயை மானிட்டருக்கு மூன்று சுற்றுச் சுற்றி, வாசற்படிக்கு வெளியே போட்டு உடைத்தார்.

“மொதலாளி, அது வந்துங்க…”

“எறங்கற வரைக்கும் யாரும் உள்ள வரக் கூடாது,” என்று கதவைச் சாத்திவிட்டார்.

அதன் பிறகு கடல், கடல், கடல்தான். முகிலன் கேம் கடிகாரத்தை நாலு மடங்கு ஓடவிட்டும் டகோட்டா ஆடி அசைந்தே போனது. கிட்டுசாமி நிமிஷத்துக்கு ஒரு தரம் பெட்ரோல் முள்ளைப் பார்த்தார், சோற்றை மறந்தார். ஐஸ்லாந்தில் இறங்கும்போது மேசைக்கடியில் அவர் கால் தானாக இல்லாத பிரேக்கை மிதித்தது. நடுவில் இரண்டு தடவை கதவு தட்டப்பட்டது. “நடுக்கடல்ல இருக்கறோம், அப்புறம் வா,” என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தார்.

ஒருவழியாகக் கனடா வந்தது. சக்கரம் தரையைத் தொட்டதும் கிட்டுசாமி முகிலனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். இத்தனை சந்தோஷம் அவருக்கு முதல் கண்டெய்னர் போன அன்றைக்குக்கூட இல்லை.

வெற்றிவீரராகக் கதவைத் திறந்தார். வெயில் மேற்கே சாய்ந்திருந்தது. கேட்டுக்கு உள்ளே கண்டெய்னர் லாரி நின்றுகொண்டிருந்தது, அதன் நிழலில் டிரைவர் துண்டை விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தான். படியில் தெய்வாத்தாள், மடியில் இன்னொரு தேங்காய்.

“என்ன தெய்வாத்தா, லாரி இன்னும் போகலியா?”

“எப்படீங்க போகும்? லாரிக்குன்னு கொண்டாந்த தேங்காய நீங்க கம்ப்யூட்டருக்கு ஒடைச்சுப் போட்டீங்க. வேற வாங்கியாந்து தட்டுனா நடுக்கடல்ல இருக்கறேன்னீங்க. உங்க கையால தேங்கா ஒடைக்காம லாரி கேட்டத் தாண்டுனா எல்லாரையும் ஊட்டுக்கு அனுப்பிருவேன்னு நீங்கதானுங்களே சொல்லியிருக்கறீங்க?”

இப்போது கிளம்பினாலும் லாரி தூத்துக்குடி போய்ச் சேர விடிந்துவிடும். துறைமுகத்தில் இன்று ராத்திரியே கதவடைத்துவிடுவார்கள். கிட்டுசாமி விரல்விட்டு ஒரு தரம் எண்ணினார், மறுபடி எண்ணினார். பிறகு அப்படியே தெய்வாத்தாளுக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்துவிட்டார்.

முகிலன் பின்னால் வந்து நின்றான். கிட்டுசாமி திரும்பாமலே சொன்னார்:

“கண்ணு, நெசப் பிளேனுக்கு ரேட்டு கேளு.”