பதினோரு வருட வாடிக்கை

“அக்கா, உங்க பொண்ணுக்குக் காது போனது என்னாலதான்.”

சொல்லிவிட்டேன். காலை ஒன்பது மணி, கடையில் வேறு யாரும் இல்லை. அவருடைய ரத்த அழுத்த மாத்திரை அட்டைகள் இன்னும் என் கையில்தான் இருந்தன.

கண்ணாடி மேசைக்கு அந்தப் பக்கம் அக்கா பையின் ஜிப்பைத் திறந்துகொண்டிருந்தார். கை அப்படியே நின்றது.

நிறுத்தினால் மறுபடி வாய் வராது. மூச்சு விடாமல் சொன்னேன்.

பதினோரு வருடத்துக்கு முன், அவர் மகளின் காதுவலிக்கு டாக்டர் எழுதிய சீட்டு. நான் எடுத்துக் கொடுத்தது பக்கத்துத் தட்டில் இருந்த வேறு சொட்டு மருந்து. அதே அளவுக் குப்பி, அதே வெள்ளை மூடி. மாதக் கடைசியில் இருப்பைச் சரிபார்த்தபோதுதான் தெரிந்தது. அதற்குள் ஆறு வயதுக் குழந்தைக்கு வலது காது கேட்காமல் போயிருந்தது.

சீழ் பிடித்ததில் போயிருக்கும் என்று யாரோ சொன்னார்கள். நானும் தலையாட்டினேன்.

கடவுளிடம் சொல்லாமல் இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் சொன்னேன். ஆனால் தேவாலயத்தில் திருவிருந்தின் அப்பத் தட்டு என்னிடம் வரும்போது, எடுக்க அருகதை இல்லையென்று தொடாமல் பக்கத்தில் இருப்பவருக்குத் தள்ளிவிடுவேன். மனைவி ரொம்ப நாள் எனக்கு வயிற்றுக் கோளாறு என்றே நினைத்திருந்தாள்.

போன வாரம் போதகரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் ஆறுதல் சொல்லவில்லை. “ஆண்டவர்கிட்ட பதினோரு வருஷமா சொல்றீங்க, சரி. அந்தம்மாகிட்ட எப்பச் சொல்லப் போறீங்க?” என்றார்.

போலீசுக்குப் போங்கள், உரிமம் போகட்டும், கடையை மூடிவிடுகிறேன் என்று அக்காவிடம் சொல்லி முடித்தேன்.

அக்கா ஜிப்பை மூடினார்.

“எனக்கு அன்னைக்கே தெரியும் தம்பி. பெரிய டாக்டர் குப்பியைக் கையில வாங்கிப் பாத்ததுமே சொல்லிட்டார்.”

மாத்திரை அட்டைகள் மேசையில் விழுந்தன.

“உன் சட்டையைப் புடிக்கத்தான் மொதல்ல வந்தேன். நீ என் சீட்டை மூணு தரம் படிச்ச. அட்டையில இருந்த பேரையும் திருப்பித் திருப்பிப் பாத்த. திட்ட வாய் வரல, போயிட்டேன். அடுத்த மாசமும் திட்டத்தான் வந்தேன். மன்னிக்க எனக்கு மூணு வருஷம் புடிச்சுது, சும்மா சொல்லக் கூடாது.”

“அப்புறமும் எட்டு வருஷமா ஏன்க்கா வந்தீங்க?”

“நீயா வாயைத் திறப்பேன்னுதான். ஆண்டவர் எனக்காக இதைவிட ரொம்ப நாளாக் காத்திருந்திருக்கார். அது வேற கதை.”

நன்றி சொல்ல வாயெடுத்தேன். அழுகைதான் வந்தது. இந்த ஞாயிறு தட்டைத் தள்ளிவிட வேண்டியதில்லை என்ற நினைப்பு வந்ததும் அது இன்னும் பெருகியது.

“போதும் போதும். யாராவது உள்ள வந்தா, நான்தான் உன்னை அடிச்சுட்டேன்னு நெனைப்பாங்க. அவ நல்லாத்தான் இருக்கா. வாத்தியார் திட்டினா அந்தக் காதைக் காட்டிக்கிட்டு நிப்பா.”

பையைத் திறந்து மாத்திரைகளை அவரே பொறுக்கி உள்ளே போட்டார். வழக்கம்போல் பெயரைப் படித்துக்கூடப் பார்க்கவில்லை.

படியிறங்கும்போது திரும்பினார்.

“அடுத்த மாசத்துலேருந்து எங்க தெருவுலயே வாங்கிக்கறேன் தம்பி. ரெண்டு பஸ் மாறி வர முழங்கால் விடமாட்டேங்குது.”