நங்கூரம் இல்லாத தீவு

வேதப் புத்தகத்தின் மேல் கை வைத்துச் சொல்கிறேன், இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. புத்தகம் பாதிரியார் வீட்டில் இருக்கிறது. கையை அந்தத் திசையில்தான் நீட்டியிருக்கிறேன்.

ஐஸ்லாந்தின் வடமேற்குக் கரை. ஆறு துடுப்புப் படகு, ஆறு பேர். மலைகள் கண்ணுக்குச் சிறுத்துப்போகும் தூரத்தில் காட் மீனுக்குத் தூண்டில் இறக்கியிருந்தோம்.

எங்கள் கடலில் ஒரு கெட்ட திமிங்கிலம் உண்டு. அதன் பெயரைப் படகில் சொல்லக்கூடாது. சொன்னால், கூப்பிட்டதாக நினைத்து வந்துவிடும். வாய் தவறிச் சொன்னவனுக்கு அன்று சாப்பாடு கிடையாது. மற்றவர்கள் அவன் எதிரிலேயே கருவாட்டில் வெண்ணெய் தடவித் தின்பார்கள்.

அதனால் எதையும் சுற்றித்தான் சொல்வோம். படகு என்றால் அலைக்குதிரை. கடல் என்றால் மீன்களின் கூரை. இந்தச் சுற்றுப்பெயருக்குக் கென்னிங் என்று பெயர். ஒருவனை அடையாளம் கண்டுகொள்வதற்கும் எங்களிடம் அதே சொல்தான்.

அன்று எங்களில் ஆஸ்பிராந்தூர் என்பவன் சும்மா இருக்கவில்லை. தூண்டிலை ஆட்டிக்கொண்டே பாதிப் பாட்டு ஒன்றை எடுத்துவிட்டான்.

நங்கூரம் இல்லாத தீவே,
நகர்ந்து நீ யாரிடம் போவாய்?

ஒருவன் பாதி சொன்னால் இன்னொருவன் மீதியைச் சொல்லி முடிக்க வேண்டும். முடிக்காமல் விடுவது விருந்தாளியை வாசலிலேயே நிறுத்திவைப்பது மாதிரி.

பெயரை அவன் சொல்லவில்லைதான். ஆனால் சுற்றிச் சொன்னது அவ்வளவு கச்சிதமாக அமைந்துவிட்டது. தன்னைத்தான் சொல்கிறான் என்று அதற்குத் தெரிந்துவிட்டது.

வலது பக்கம் தண்ணீர் கறுத்தது. பிறகு மெல்ல உயர்ந்தது.

ஒரு கண் மட்டும் மேலே வந்தது. கஞ்சித் தட்டு அளவு. இமைக்கவில்லை.

மோதவும் இல்லை. படகை ஒட்டிப் படுத்துக்கொண்டது.

வெகுநேரம் கழித்துத்தான் எங்களுக்குப் புரிந்தது. அது மீதிப் பாட்டுக்காகக் காத்திருக்கிறது. யாரிடம் என்று கேட்டாகிவிட்டது. பதிலில் யார் பெயர் வருகிறதோ, அவனிடம் போகும்.

படகுத் தலைவர் ஹால்வார்தூரின் மனைவிக்கு ஏவிந்தூர் என்று ஒரு தம்பி, அவனும் படகில் இருந்தான். பாதிப் பாட்டைப் பாதியில் விட அவனால் முடியாது. சொந்த மாமனாரின் அடக்கத்தில், பாதிரியார் மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில், எதுகை போட்டு முடித்துவைத்தவன்.

அவன் உதடு அசைந்தது. கண் அவன் பக்கம் திரும்பியது.

"மீதி நாக்கு நுனிக்கு வந்துடுச்சு அத்தான்."

"முழுங்குடா," என்றார் ஹால்வார்தூர். "உன் அக்காவுக்கு நான் பதில் சொல்லணும்."

எங்கள் கடல் கையுறைக்கு இரண்டு கட்டைவிரல் உண்டு, ஒரு பக்கம் தேய்ந்தால் திருப்பிப் போட்டுக்கொள்ள. அதை ஆளுக்கொன்று வாயில் திணித்துக்கொண்டோம். வாய்க்கு இரண்டு கட்டைவிரல் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, தந்தம் முளைத்த ஆறு பேர் கரையைப் பார்த்துத் துடுப்பு வலித்தோம்.

நாங்கள் ஒரு வலி வலித்தால் அதுவும் ஒரு படகு நீளம் நகர்ந்தது.

அதன் மூச்சு எங்கள் கழுத்தை நனைத்தது. அழுகிய மீன் நாற்றம் இல்லை. எந்த நாற்றமும் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

யாரும் யாரையும் பார்க்கவில்லை. பார்த்தால் அவன் பெயர் மனசில் வந்துவிடும்.

கடைசியில் படகின் அடி கூழாங்கல்லில் உரசியது. அது ஆழத்திலேயே நின்றுகொண்டது. கண் இன்னும் மூடவில்லை.

ஏவிந்தூர் கையுறையைத் துப்பிவிட்டு மலையேறி ஓடினான். கடல் சத்தம் கேட்காத இடத்தில் ஒரு செம்மறியாடு மேய்ந்துகொண்டிருந்தது. அதனிடம் மீதியைச் சொல்லி முடித்தான். அந்த ஆட்டை அப்புறம் யாரும் பார்க்கவில்லை.

ஆறு பேரும் பிழைத்தோம். ஆட்டுக்காரன் மட்டும் கொஞ்ச நாள் எங்களோடு பேசாமல் இருந்தான்.

ஒரே ஒரு விவரம் பாக்கி.

அந்தப் பாதியைச் சொன்னது ஆஸ்பிராந்தூர் இல்லை, நான். அன்று காலை எனக்குக் காய்ச்சல். மற்ற ஐந்து பேரோடு படகைத் தண்ணீரில் தள்ளிவிட்டு, கரையில் நின்றுகொண்டு கிண்டலாகக் கத்தினேன். மீதியைத் திரும்பி வந்து சொல்கிறேன் என்று ஏவிந்தூர் துடுப்பை உயர்த்தி ஆட்டினான். இந்த வசந்தத்தோடு நாற்பத்தொரு வருஷம். மீதி இன்னும் வரவில்லை.