மேல் வீட்டுச் சத்தம்

டம்! டம்! டம்!

“யோவ் டிரைவர்! அந்த டிவியைக் குறைய்யா! காது கிழியுது!”

மாடியில் தனியாக இருக்கும் ரிட்டயர்டு பஸ் டிரைவர் கதவைத் திறந்தார். கீழ் வீட்டு டெய்லர் மூச்சு வாங்க நின்றிருந்தார். கடையை மூடி எத்தனையோ வருஷம் ஆகியும் கழுத்து டேப்பை மட்டும் அவர் கழற்றவில்லை.

“பேத்தி போன்ல பேசுறா. உன் டிவி இரைச்சல்ல ஒரு வார்த்தை காதுல விழல. எல்லாத்துக்கும் ‘ம்... ம்...’னேன். குழந்தை கோவிச்சுக்கிட்டு வெச்சிட்டா!”

“தப்புதான்யா. உள்ள வா, குறைச்சிடறேன்.”

டிரைவர் உள் அறைக்குப் போய், சற்று நின்றுவிட்டுத் திரும்பினார்.

“இப்ப எப்படி?” என்றார் உரக்க.

“இப்பதான் மனுஷன் குடியிருக்கிற இடம் மாதிரி இருக்கு.”

டெய்லர் தன் வழக்கமான நாற்காலியில் சாய்ந்தார். வேறு யாரும் உட்காராத நாற்காலி அது. டிரைவர் இரண்டு தம்ளர்களில் டீ கொண்டுவந்தார்.

“அதென்ன காதுல, சட்டைப் பட்டன் மாதிரி?”

“காது மிஷின். பொண்ணு வாங்கி அனுப்பினா. நம்ம வயசுல மூணு பேர்ல ஒருத்தருக்குக் காது மந்தமாம், சிலருக்கு உள்ளுக்குள்ளயே இரைச்சலும் கேக்குமாம், டாக்டர் சொன்னார்.”

“இந்தக் கட்டடத்துல அந்த ஒருத்தன் நீதான்! எனக்கு ஊசி விழுந்தாலும் கேக்கும்.”

“உனக்கென்னய்யா, பாம்புக் காது!”

“என்னது?”

“டீ ஆறுதுன்னேன்!”

இருவரும் சிரித்தார்கள். முழங்கால் வலியில் தொடங்கி, தண்ணீர் வராத குழாய் வரை பேசித் தீர்த்துவிட்டு டெய்லர் எழுந்தார். வாசலில்தான் கோபம் ஞாபகம் வந்தது.

“நம்ம பில்டிங் செக்ரட்டரிகிட்ட சொல்லிட்டேன். நாளைக்கும் சத்தம் வந்துச்சு, நடக்கிறதே வேற!”

செருப்புச் சத்தம் படியிறங்கி ஓய்ந்தது. வீடு மறுபடி வெறிச்சென்று ஆயிற்று. டிரைவர் தம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தபோது செல்போன் அடித்தது. மகள்.

“அப்பா, செக்ரட்டரி கூப்பிட்டாருப்பா. கீழ் வீட்டு மாமா உங்க மேல புகார் கொடுத்திருக்காராம். எனக்கு வந்ததே கோபம்! அவர் நம்பரைக் கொடுங்க, நானே பேசறேன்.”

“அவர்கிட்ட என்னம்மா சொல்லப்போறே?”

“வேறென்ன? டிவி ரிப்பேருக்குப் போயே பத்து நாளாச்சுன்னுதான்!”

டிரைவர் காலி நாற்காலியைப் பார்த்தார்.

“வேணாம்மா... பழி டிவி மேலேயே இருக்கட்டும். இந்தப் படியேறி வர, எனக்கு வேற யாரு இருக்கா?”